நாலாம் தூக்கம்

இப்போதெல்லாம் ஜனங்கள் குரலை வைத்துத்தான் மனுஷனை எடை போடுகிறார்கள். மெதுவாகப் பேசினால் நல்லவன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் ரொம்ப நல்லவன். ரேடியோவில் ஒருத்தன் தேன் தடவிப் பேசினால் போதும், எங்கள் ஊர்க் காபிக்கடை மொத்தமும் தலையை ஆட்டுகிறது. போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவன், வாசலில் நின்று பூட்ஸிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு வந்தான். அதற்காகவே எங்கள் தெருவில் ஏழு வீடு அவனுக்குப் போட்டது. எனக்கு அவன் சேற்றைத் துடைத்தபோதுதான் சந்தேகமே வந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. அந்தக் காலத்தில் லாரியில் வந்து கூலிக்காரர் சங்கங்களை அடித்து நொறுக்கிய கருப்புச் சட்டைக்காரர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். எங்கிருந்தோ வந்தார்களாம், குடித்திருந்தார்களாம், கூச்சல் போட்டார்களாம். ஏதோ ஆலங்கட்டி மழை மாதிரி வானத்திலிருந்து விழுந்தவர்கள் போல. கூச்சல் போட்டவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்தவர்கள் கூச்சல் போடவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம், மே மாதம், தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது. போ என்கிற ஆறு எங்கள் பக்கத்தில் நிலத்தைவிட உயரத்தில் ஓடும். கரைக்குக் கீழேதான் வீடுகள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் படகுகள் கூரைக்கு மேலே போகும். பனி இருக்கிற காலையில் கரையும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. பாய்மரம் மட்டும் வானத்தில் தனியாக நகரும். சின்ன வயதிலிருந்து பார்த்தது என்றாலும், ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் தூக்கத்திலிருந்து எழவில்லையோ என்று தோன்றும்.

அந்த மாதத்தில் வீடு எங்களுடையது இல்லை, பட்டுப்புழுக்களுடையது. எங்கள் பக்கம் அவற்றைப் புழு என்று சொல்லக்கூடாது. சொன்னால் கோபித்துக்கொண்டு நூல் கட்டாதாம். துரைமார் என்போம். துரைமார் வந்துவிட்டால் கட்டிலைப் பிரித்து, படுக்கையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவோம். அடுக்களை, படுக்கையறை, மாடி எல்லா இடத்திலும் நாணல் தட்டுகளைக் கூரை வரைக்கும் அடுக்குவோம். மூலையில் கணப்பு இருக்கும். ஜன்னலுக்குச் சாக்குப்படுதா தொங்கும். அதன் வழியாக வருகிற வெளிச்சம் குளத்துக்கு அடியில் இருக்கிற மாதிரி பச்சையாக இருக்கும். புகையிலை கூடாது, பூண்டு கூடாது, குரல் உயரக்கூடாது. ஏப்ரல் மாதம் முட்டை பொரித்த நாளிலிருந்து நானும் என் மனைவி ஆர்மிதாவும் கிசுகிசுத்துத்தான் பேசினோம். சண்டைகூட அப்படித்தான் போட்டோம்.

துரைமார் நாலு தடவை தூங்குவார்கள். நாலாம் தூக்கம்தான் பெரியது, ஒன்றரை நாள், இரண்டு நாள் நீடிக்கும். அதுவரைக்கும் இலை தின்கிற சத்தம் வீடு முழுக்க மழை மாதிரி பெய்துகொண்டிருக்கும். திடீரென்று மழை விடும். எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், பூசையில் பாத்திரத்தை உயர்த்தும்போது சனங்கள் நிற்பது போல. அந்த நேரத்தில் தட்டை ஆட்டினால் போச்சு. தோலை உரிக்க முடியாமல் அப்படியே செத்துப்போகும், அந்த வருஷமும் அதோடு போச்சு.

அந்த அமைதியில்தான் தெரென்சியோ வந்தான். ஆர்மிதாவின் தம்பி. கூலிக்காரர் சங்கத்துச் செயலாளர். விடியற்காலையில் சணல் வயலுக்குள் குனிந்தே வந்திருந்தான். இடுப்பு வரைக்கும் பனியில் நனைந்திருந்தது.

"சங்கத்து வீட்டைக் கொளுத்திட்டாங்க மச்சான்," என்றான். "நாற்காலி, கொடி, வாத்தியம் எல்லாம் போச்சு. அந்த ஓட்டை டிரம் எரியறப்போதான் ஒழுங்கா சத்தம் போட்டுது."

"மெதுவாப் பேசுடா," என்றாள் ஆர்மிதா. "நாலாம் தூக்கம்."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன், அக்காளுக்குப் பயந்து வாயைப் பொத்தினான்.

மறுநாள் காலை ஒரு செங்கல் படகு கடல் பக்கம் போவதாக இருந்தது. படகுக்காரன் சங்கத்து ஆள். அது வரைக்கும் ஒரு பகலும் ஒரு இரவும் அவன் எங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும், யார் கண்ணிலும் படாமல். அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆர்மிதா அவனை மாடிக்குக் கூட்டிப்போனாள். தட்டுகளுக்கு நடுவே இலைச்சாக்கு விரித்து, "துரைமார் மாதிரி கிட. சுருட்டை எங்கிட்டக் குடு," என்றாள்.

"சுருட்டு கூடவா?"

"உன்னைவிட அவங்க உயிர்தான் எனக்கு முக்கியம்."

"அது தெரிஞ்ச விஷயம்தான்க்கா," என்று கொடுத்துவிட்டான்.

காலையில் அவனுக்குச் சோளக்களி கொண்டுபோனேன். உட்கார்ந்தேன். அந்த அறைக்கு ஒரு குணம் உண்டு. கணப்புச் சூடும் இலை வாசனையும் பச்சை வெளிச்சமும் சேர்ந்து ஆளைக் கீழே இழுக்கும். ஆயிரக்கணக்கில் தலையைத் தூக்கித் தூங்குகிறவர்களுக்கு நடுவே ஒருத்தன் விழித்திருப்பது மரியாதை இல்லை என்று தோன்றும். தெரென்சியோ களியை மென்றபடியே கண்ணைச் செருகினான். "இப்ப ஒரு கனா வந்துது மச்சான்," என்றான். "ஆறு எல்லாம் கரையைத் தாண்டி வருது. ஆனா யாரும் நனையல."

"நல்ல கனாவா, கெட்ட கனாவா?"

"தெரியல. தண்ணி ரொம்ப அழகா இருந்துது."

நானும் தூங்கிப்போனேன் போலிருக்கிறது. விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கரைமேல் ஒரு லாரி சத்தம் கேட்டது. பாட்டும் கேட்டது. இரண்டும் வீட்டுக்கு நேரே வந்ததும் நின்றன.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கருப்புச் சட்டையில் பதினோரு பேர். முன்னால் நின்றவன் எவாரிஸ்தோ. பண்ணைக் காரியஸ்தரின் மகன், யுத்தத்தில் லெப்டினன்டாக இருந்து திரும்பியவன். அவன் அம்மாவும் ஆர்மிதாவின் அம்மாவும் ஒரே பையில் துரைமார் முட்டை வாங்கி, பாதி பாதியாகப் பிரித்து, ரவிக்கைக்குள் வைத்துச் சூடு காட்டிப் பொரித்தவர்கள். அவன் கண் ஜன்னல் சாக்கில் போய் நின்றது.

"தூங்குறாங்களாக்கா?"

"ஆமா," என்றாள் ஆர்மிதா.

"எத்தனாவது?"

"நாலாவது."

அவன் திரும்பி உதட்டில் விரலை வைத்தான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

பதினோரு பேரும் அவிழ்த்தார்கள். சுருட்டுகளைச் சேற்றில் அழுத்தி அணைத்தார்கள். மண்டையோடு வரைந்த கொடியை ஒருத்தன் மெதுவாகச் சுருட்டினான். தடிகளைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்தார்கள். வாசலில் பூட்ஸுகள் வரிசையாக நின்றன, கோயில் திருநாளில் நிற்கிற மாதிரி. காலுறையோடு உள்ளே வந்தார்கள். ஒருத்தன் உறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவன் வெட்கப்பட்டு அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பச்சை வெளிச்சத்தில் கருப்புச் சட்டைகள் மிதந்தன. ஒவ்வொருத்தனும் தட்டுக்கு முன்னால் நின்று மூச்சைக் கைக்குள் விட்டான், துரைமார் மேல் படக்கூடாது என்று. "எங்கம்மாவுக்கு இன்னும் மூணாவதே முடியல," என்று ஒருத்தன் காதோடு சொன்னான். "உங்கம்மா கணப்பை அணைச்சிட்டுத் தூங்குவாங்க, அதான்," என்று இன்னொருத்தன் சொல்ல, தோள்கள் மட்டும் குலுங்கின. சிரிப்புச் சத்தம் வரவில்லை.

எவாரிஸ்தோ மாடிப்படியைப் பார்த்தான். ஏறவில்லை. என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தான். இலையெல்லாம் பறித்து மொட்டையாக நின்ற மல்பெரி மரத்தடியில், நிழலே இல்லாத இடத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"மேலதான இருக்கான்?"

நான் மொட்டைக் கிளையை அண்ணாந்து பார்த்தேன்.

"ஒலிந்தோ, நான் இப்படிக் கேக்கறேன். பின்னால இன்னொரு லாரி வருது. நகரத்துப் பசங்க. அவனுங்களுக்குத் துரைமாரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. பூட்ஸோட ஏறுவானுங்க. பெட்ரோல் கொண்டாரானுங்க. எங்கிட்டக் குடு. போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கறேன். தேர்தல் முடியற வரைக்கும் பூட்டின அறையில இருக்கட்டும். இப்ப அவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இந்த ஜில்லாவுலயே இல்ல."

"அடிக்க மாட்டியே?"

"எங்கம்மா மேல சத்தியம்." அவன் காலுறையில் ஒரு இலைத்துண்டு ஒட்டியிருந்தது. அதை எடுத்துத் தூர எறியாமல் மரத்தடியில் வைத்தான்.

நான் அதைப் பார்த்தேன். துரைமாருக்காகப் பூட்ஸைக் கழற்றுகிறவன் ஒரு மனுஷனை என்ன செய்துவிடப் போகிறான் என்று நினைத்தேன். பொய் சொல்லப் போவதில்லை, தட்டுகளையும் நினைத்தேன். இரண்டில் எதை முதலில் நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எழுந்து உள்ளே போனேன். படிக்கட்டருகே ஆர்மிதா என் சட்டையைப் பிடித்தாள்.

"வேண்டாம்."

"எவாரிஸ்தோ. நம்ம எவாரிஸ்தோ. கழட்டிட்டு வந்திருக்கான் பார்த்தல்ல?"

"வேண்டாம்ங்கறேன்."

எல்லாம் கிசுகிசுப்புதான். அவள் ஒரே ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். தெரென்சியோ யுத்தத்தில் இருந்தவன், கத்தினால் எழுந்துவிடுவான். மாடிக்குப் பின்னால் ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் நாணல். ஆர்மிதா வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் குரல் எழுப்பவில்லை. அந்த ஒரு மாதம் அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

நான் அவள் விரலைப் பிரித்துவிட்டு மேலே போனேன்.

"எழுந்திரு மாப்ள. எவாரிஸ்தோ வந்திருக்கான்."

"சத்தமே கேக்கலையே."

"பூட்ஸைக் கழட்டிட்டாங்க. எல்லாரும்."

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தான். "அவங்கம்மா வளப்பு அப்படி," என்றான்.

"ஸ்டேஷன்ல வைக்கறேங்கறான். ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

தெரென்சியோ பின்ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். அதற்கு முன்னால் ஒன்பது அடுக்குத் தட்டு. அதைத் தள்ளாமல் ஜன்னலுக்குப் போக முடியாது. கையை நீட்டி ஒரு தட்டின் விளிம்பைத் தொட்டான், தொட்டதும் எடுத்துக்கொண்டான். தலையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் தூங்கினார்கள்.

"துரைமாரைத் தள்ளிட்டுப் போனா அக்கா என்னைக் கொன்னுடுவா," என்றான்.

படி கிறீச்சிடாமல் இறங்கினான். எந்தப் படி கத்தும் என்று அவனுக்குத் தெரியும். வாசலில் அவனுக்கு இடம்விட்டு விலகி நின்றார்கள். அவர்கள் பூட்ஸ் மாட்டுகிற வரைக்கும் அவனும் நடுவில் பொறுமையாக நின்றான். எவாரிஸ்தோவுக்கு ஒரு கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. தெரென்சியோதான் குனிந்து நகத்தால் பிரித்துக் கொடுத்தான். லாரியை அவர்கள் அங்கே கிளப்பவில்லை. தெரென்சியோவை மேலே ஏற்றிவிட்டு, பதினோரு பேரும் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். கரைமேல், எங்கள் கூரைக்கு மேலே, ஒரு லாரி படகு மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது. தெரென்சியோ ஒரு தடவை கையை ஆட்டினான். மேட்டைத் தாண்டிய பிறகு எஞ்சின் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பாட்டு.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவன், "யாரு தெரென்சியோ? இங்க யாரும் வரலையே," என்றான். அவனும் மரியாதையாகத்தான் சொன்னான். நகரத்து லாரி என்று ஒன்று எங்கள் வீட்டுப் பக்கம் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

செங்கல் படகு காலையில் கூரைக்கு மேலே வந்து, கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டது.

துரைமார் வெள்ளிக்கிழமை எழுந்தார்கள். நாலாம் தூக்கம் முடிந்தால் வெறிபிடித்த பசி. எட்டு நாள் இரவும் பகலும் இலை போட வேண்டும். வீடெங்கும் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை சேதி வந்தபோது ஆர்மிதா ஏணியில் நின்று இலை தூவிக்கொண்டிருந்தாள். மேல்பண்ணையில் சணல் ஊறப்போடுகிற குளத்தில் கிடந்தானாம். சணல் கட்டுகள் மிதக்காமல் இருக்கக் கல் வைத்து அமுக்குவோமே, அந்தக் கல்லையே மேலே வைத்திருந்தார்களாம். சேதி சொன்னவனும் கிசுகிசுத்துத்தான் சொன்னான். அவள் கேட்டாள். கையிலிருந்த இலையைத் தூவி முடித்தாள். ஏணியை நகர்த்திப் போட்டு அடுத்த தட்டுக்கும் தூவினாள். நிறுத்தினால் அவை செத்துப்போகும், அதனால் யாரும் நிறுத்தவில்லை. அந்த மழைச் சத்தத்துக்கு நடுவில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, ஒரு தடவை என்னைத் திட்டிவிடு என்று அவளிடம் கெஞ்ச வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வாசலில் எவாரிஸ்தோ நின்றான். மடித்த ஓட்டுச் சீட்டை என் கையில் வைத்து, "போட்டுடு ஒலிந்தோ, வம்பு எதுக்கு," என்று காதோடு சொன்னான். போட்டேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த வருஷம் மாதிரி பட்டுக்கூடு எங்கள் வீட்டில் விளைந்ததே இல்லை. வெள்ளையாக, கெட்டியாக, கையில் எடுத்தால் ரீங்காரம் போடுகிற மாதிரி. ஆர்மிதா மறு வருஷம் முட்டை வாங்கவில்லை. தட்டுகளை அடுப்பில் போட்டு எரித்தாள். மறு வருஷம்தான் கருப்புச் சட்டைக்காரர்கள் ரோமாபுரிக்குப் படையாக நடந்துபோனது, ராஜா கதவைத் திறந்து ஆட்சியைக் கையில் கொடுத்தது எல்லாம். எரிந்த சங்கத்து வீட்டுக்குக் கூரை போட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். எவாரிஸ்தோ எங்கள் ஊருக்குத் தலைவன் ஆனான். தேர்தல் என்ற பேச்சே நின்றுபோனது. இருபது வருஷம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மெதுவாகப் பேசினான். ஆர்மிதா அதற்குப் பிறகு உப்பு கேட்பதற்குக்கூடக் கத்துவாள். சாகிற வரைக்கும் கத்தினாள். தெருவில் சிரிப்பார்கள். நான் சிரிக்க விட்டதில்லை.

போன மாதம் செலெஸ்தீனோ சாமி ஆள் அனுப்பினார். கோயிலுக்குப் புதிதாக வந்த பாதிரியார், சமாதானம் என்றால் உயிர். போனேன். அவர் அடுக்களையில் எவாரிஸ்தோ உட்கார்ந்திருந்தான். இரண்டாம் யுத்தம் முடிந்ததும் கடல் தாண்டி ஓடிப் போனவன், சாக மட்டும் ஊருக்கு வந்திருக்கிறான். இரண்டு கைத்தடி. குரல் மட்டும் அப்படியே.

"ஒலிந்தோ, உங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னு இருந்தேன். ஸ்டேஷனுக்குத்தான் கொண்டுபோனேன். பாலத்துக்கிட்ட நகரத்து லாரி குறுக்க நின்னுது. இறக்குன்னாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன்."

"எப்படிச் சொன்னே? கத்தியா, மெதுவாவா?"

"ஒலிந்தோ!" என்றார் சாமி.

"இருங்க சாமி. அவன் சொல்லட்டும்."

எவாரிஸ்தோ காபிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "ஞாபகம் இல்ல. கத்தியிருந்தா என்னையும் முடிச்சிருப்பாங்க."

"சரி. பாட்டு? பாலம் வர்றதுக்கு முந்தியே பாட்டு கேட்டுதே. பத்திரமாக் கூட்டிட்டுப் போறவன் பாடிக்கிட்டா போவான்?"

"பசங்க பாடினாங்க."

"நீ?"

சாமி ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார்.

"நானும் பாடினேன்," என்றான். "அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சிட்டு இருந்தோம்ல. வெளிய வந்ததும் பாடணும்போல இருந்துது. தெரென்சியோகூடத் தாளம் போட்டான், ஒலிந்தோ. லாரிப் பலகையில. சத்தியமா."

அது நடந்திருக்கக் கூடியதுதான். தெரென்சியோ அப்படிப்பட்டவன்.

"நம்பறியா?" என்று கேட்டான்.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க ஒலிந்தோ," என்றார் சாமி. "மனுஷன் சாகப் போறாரு. மனசுல உள்ளதைத்தான சொன்னாரு?"

"இருக்கலாம் சாமி. நல்லாத்தான் சொன்னான்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. பீட்ரூட்டுக்குத் தண்ணி கட்டணும்."

வெளியே வந்தேன். சாமி வாசல் வரைக்கும் வந்து, பிறகு வெளிக்கதவு வரைக்கும் வந்து, காபி ஆறுகிறது என்றார். அவர் நல்லவராகத்தான் இருப்பார் போலிருக்கிறது. எனக்குத் தெரியாது. வயல் வரப்பில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.